முன்னும் பின்னும்

ஏழே முக்காலுக்கு
உமையாளின் இடது செருப்பைக் காணோம்.
வலது காலில் மட்டும் நின்றபடி
ஏழெட்டு ஐம்பத்தாறு, ஏழொன்பது அறுபத்து மூன்று,
வாய்ப்பாட்டை அவள் நிறுத்தவில்லை.
நாச்சம்மையின் கன்னத்தில் அரை இட்லி.
நேற்றும் அதே கன்னத்தோடுதான்
பள்ளிக்கூட கேட் வரை வந்தாள்.
"முழுங்குடி."
தலையை ஆட்டுகிறாள். அவ்வளவுதான்.

கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால்,
அரிசி டிரம்முக்குச் சந்தில்
தேடி அலுத்து
மழைக்கு வாங்கிய ரப்பர் செருப்பை மாட்டிவிட்டு
ஸ்கூட்டியை எடுத்தேன்.
ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.
செக்காலை ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி நிற்கையில்
பின்னால் இருப்பவள் என் முதுகில்
விரலால் எழுதி அழிக்கிறாள்.
ஏழு பத்து எழுபது என்று நினைக்கிறேன்.

கல்லூரிச் சாலையில் கடை.
எட்டுக்கு எட்டு, ஒரு மெஷின், ஒரு ஃபேன்.
ஆதார், டிசி, பத்திரம், சாதிச் சான்று,
"முன்னும் பின்னும் ரெண்டு செட்டு போடுங்க."
காப்பியை எண்ணி வாங்கிக்கொண்டு
ஒரிஜினலைக் கண்ணாடி மேலேயே
மறந்துவிட்டுப் போவார்கள்.
அதற்கென்றே ஓர் இழுப்பறை வைத்திருக்கிறேன்.
யாருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணோ,
ஒரு கானாடுகாத்தான் ரேஷன் கார்டு,
நாலு வருஷமாக
யாரும் தேடி வராத ஒரு கல்யாணச் சான்றிதழ்.

மூன்றரைக்கு மேல்
மேசைக்கடியில் ஒரு துறைமுகம்.
பேப்பர் கட்டு வந்த அட்டைப்பெட்டியில்
நாச்சம்மை கப்பல் விடுகிறாள்.
பினாங்குக்காம்.
டிக்கெட் ஒரு ஸ்டேப்ளர் பின்.
அப்பா அனுப்பிய குரல் செய்தியை
மூன்றாம் முறையாகப் போடச் சொல்கிறாள்.
நான் நாளை சமர்ப்பிக்க வேண்டிய யாரோ ஒருவரின்
இருநூற்றுப் பதினாலு பக்க ஆய்வேட்டுக்கு
ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.
எண்பத்தேழாம் பக்கத்தைக் காணவில்லை.
கப்பலுக்குப் பாயாகியிருந்தது.

பென்ஷன் புத்தகத்தோடு வந்த
தபால்காரர் சாத்தையா
உமையாளைப் பார்த்துச் சிரித்தார்.
"பெரியவ அப்படியே உன் ஜெராக்ஸ் ஆத்தா."
மேசைக்கடியிலிருந்து ஒரு தலை.
"நான் யாரு ஜெராக்ஸ்?"
அவர் மீதிச் சில்லறையைப் பார்த்தார்.
நான் மெஷினைப் பார்த்தேன்.
உமையாள் கணக்கு நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்:
"நீ ஒரிஜினல்டி."

அது போதவில்லை அவளுக்கு.
அவர் போனதும் ஸ்டூலில் ஏறி
கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டாள்,
இட்லி இருந்த அதே கன்னம்.
எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்,
கண்ணுக்காகாது, கண்ணாடி அழுக்காகும் என்று.
இன்று, "கண்ணை இறுக்க மூடிக்க,"
பச்சைப் பொத்தானை நானே அழுத்தினேன்.
வெளிச்சம் அவள் காதிலிருந்து மூக்குவரை
மெதுவாக நடந்து போனது.

பாதித் தாள் கறுப்பு.
ஒரு காது, நசுங்கிய உதடு,
காலையில் நான் எடுத்த வகிடு, கோணலாக.
"இது ஆரு?"
"நீதான்."
வெகுநேரம் பார்த்தாள். நாலாக மடித்தாள்.
இழுப்பறையை இழுத்து
ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்துவிட்டு,
கடைக்காரம்மா போல
இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்:
"மறந்துட்டுப் போயிட்டேன்னு
யாராச்சும் வந்து கேட்டா குடுத்துருங்க."

சரி என்றேன்.
டோனர் தூசி என்று
கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியான தொழில் இது.

எட்டரைக்கு ஷட்டர் இறக்கும்போது
சின்னவள் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.
பெட்டியை ஓரமாகத் தள்ளினேன், உள்ளே ஏதோ இடறியது.
உமையாளின் இடது செருப்பு,
ட்வைன் நூலால் கட்டி.
"நங்கூரம்மா," என்கிறாள் பெரியவள்,
எல்லாம் தெரிந்தவள் போல.
"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"
"அவ சொல்லக் கூடாதுன்னா."

வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டுப் பார்த்தால்
நாச்சம்மைக்கு வலது காலில் செருப்பு இல்லை.